சல்லியம்

12 பெப்ரவரி 2024, திங்கள்

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் செத்துப்போன ஒரு கிழவரின் மகள் கிறிஸ்மஸுக்கு எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு டயறி கொடுத்தாள். ஜனவரி முழுக்க என்னுடையது வெறுமையாகக் கிடந்தது. ஹோமில் யார் எவ்வளவு கஞ்சி குடித்தார்கள் என்று எழுதியே கை ஓய்ந்துபோகிறது, வீட்டில் வந்தும் எழுதுவதா என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு எழுத விஷயம் வந்திருக்கிறது. கோயில் வேலை தொடங்கிவிட்டது.

இந்தக் கார்ஸ்பி என்கிற சின்ன வெள்ளைக்கார ஊரில் தமிழ்க் குடும்பங்கள் மொத்தமாகவே ஒரு கலியாண வீட்டுப் பந்திக்குக் காணாது. ஆனாலும் பிள்ளையாருக்கு ஒரு இடம் வேண்டுமென்று வருடக்கணக்காக நின்று, கடைசியில் செயின்ட் பெனட் சந்தில் மூடிக் கிடந்த கார்ப்பெட் கடையை வாங்கியாயிற்று. கோயில் சபைத் தலைவர் என் மனுசன் கேதீஸ்வரன். வீட்டில் ஒரு பல்ப் மாற்றச் சொன்னால் ஒரு மாதம் எடுக்கிற ஆள். அங்கே காலமை ஏழு மணிக்கே தரை உடைக்கிற அலவாங்கோடு நிற்கிறார்.

மூலஸ்தானம் வரப்போகிற இடத்தில் சீமெந்துத் தரையை உடைக்கிறார்கள். கருங்கல் பிள்ளையார் இந்தியாவிலிருந்து கப்பலில் வருகிறார். அவருடைய பாரத்தைத் தாங்க அத்திவாரம் ஆழமாக இருக்க வேண்டும் என்று வரதன் சொல்லியிருக்கிறான். சபையில் கட்டட வேலை தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். வைகாசியில் கும்பாபிஷேகம்.

மத்தியானம் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோதாரி விழுந்த குளிர். சோறு வாய்க்குள் போகுமுன் ஆறிவிட்டது.

14 பெப்ரவரி, புதன்

சந்தின் முனை வீட்டில் ரோஸ்மேரி என்று ஒரு வெள்ளைக்காரி தனியாக இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திரம் படிப்பித்து ஓய்வெடுத்தவள். செத்துப்போன புருஷனுடைய கோட்டைத்தான் போட்டுக்கொண்டு திரிவாள். இன்றைக்கு நான் சாப்பாட்டுச் சட்டிகளோடு வரும்போது மறித்துக் கதைத்தாள்.

சந்துக்கு செயின்ட் பெனட் என்று பேர் இருக்கிறதே, செயின்ட் பெனட் எங்கே என்று கேட்டாள். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் நான் அதை ஒருநாளும் யோசித்ததில்லை. அது ஒரு தேவாலயமாம். ஏழைப்பட்ட சின்னப் பங்கு. ஐந்நூறு வருடத்துக்கு முந்தி அதைப் பெரிய தேவாலயத்தோடு சேர்த்துவிட்டு இடித்துவிட்டார்களாம். கல்லையெல்லாம் பாலம் கட்டவும் வீடு கட்டவும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே நின்றது என்றே இப்போது ஒருவருக்கும் தெரியாது. பஸ் நிலையத்துக்குக் கீழே என்கிறார்கள் சிலர், சந்தைக்குக் கீழே என்கிறார்கள் சிலர். இவளுக்கு இந்தச் சந்தில்தான் என்று நெஞ்சு சொல்கிறதாம். ஓய்வெடுத்த நாள் தொடக்கம் தேடுகிறாள். தரையைக் கிண்டுகிறீர்களே, ஒரு கல் கிடைத்தாலும் எனக்குச் சொல்லுவாயா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டாயம் சொல்லுவேன் என்றேன்.

பின்னேரம் இவர் வந்து சந்தோஷமாகச் சொல்கிறார், தரைக்குக் கீழே தடித்த கல்மதில் ஒன்று வந்திருக்கிறதாம், வரதன் அதன் மேலேயே அத்திவாரத்தைப் போடலாம் என்கிறானாம். நான் ரோஸ்மேரி சொன்னதைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. அவளுக்கு மூச்சுக்கூட விடக்கூடாதாம். கவுன்சிலுக்குத் தெரிந்தால் தொல்லியல்காரரை விடுவார்கள், அவர்கள் பல் விளக்கும் பிரஷால் மண்ணைக் கூட்டிக்கொண்டு ஒரு வருடம் இருப்பார்கள், பிள்ளையார் துறைமுகத்தில் கிடப்பார் என்றார்.

கல்தானே. நானும் விட்டுவிட்டேன்.

16 பெப்ரவரி, வெள்ளி

அம்மாவோடு கதைத்தேன். கிளிநொச்சியில் வெயில் கொதிக்கிறதாம். காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் பதில் கேட்டு றோட்டோரம் கொட்டில் போட்டு இருக்கிறார்களே, அம்மா இன்றைக்கும் அங்கேதான் போயிருக்கிறா. போன மாதம் அங்கேயே மயங்கி விழுந்தவ. வெயிலில் இருந்தால் இருதயம் தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கூட இருக்கிற என் தங்கச்சி வதனி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

தயாபரன் எங்கள் கடைசித் தம்பி. சண்டை முடிந்த அன்றைக்கு அம்மா தன் கையாலேயே அவனை ஆமிக்காரரின் பஸ்ஸில் ஏற்றிவிட்டவ. விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொன்னார்களாம். அதற்குப் பிறகு அம்மா போகாத முகாம் இல்லை, ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே மறுமொழி. அப்படி ஒரு ஆள் எங்களிடம் இல்லை.

தயாவைப் பற்றி எழுதுவதற்கு நான் இதைத் தொடங்கவில்லை. நாளைக்குச் சனிக்கிழமை, தோசைக்கு உழுந்து போட வேண்டும்.

17 பெப்ரவரி, சனி

காலமை போன் அடித்தது. இவர்தான். ஒரு புது வேட்டியும் இரண்டு போத்தல் பாலும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வரச் சொன்னார். குரல் சரியில்லை. என்னப்பா என்று கேட்டால், கேள்வி கேளாமல் வாரும் என்கிறார்.

அத்திவாரத்துக்குத் தோண்டின கிடங்குக்குள் எலும்பு. ஒரு முழு மனுசன். மதிலோடு ஒட்டி, கால் இரண்டும் கிழக்கே நீட்டி, கையை நெஞ்சில் வைத்தபடி படுத்திருக்கிறான். பக்கத்தில் இன்னொருவருடைய கால் எலும்பு மண்ணுக்குள் போகிறது. நான் ஹோமில் எத்தனை பிணம் கழுவியிருக்கிறேன். ஆனாலும் கிட்டப் போகாமல் பால் போத்தல்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். வரதன் சுவரோடு சாய்ந்து நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

குருக்கள் ஐயாவை ஏற்கெனவே கூப்பிட்டுவிட்டார்கள். பக்கத்து நகரத்துக் கோயிலிலிருந்து வந்திருந்தார். இது சல்லியம் என்றார். கோயில் எழும்புகிற நிலத்துக்குள் எலும்பு, கரி, மயிர் கிடந்தால் அது தோஷம், எடுத்துப்போட்டுவிட்டுத்தான் சாமியை வைக்க வேண்டும், ஆகமத்திலேயே அதற்கு விதி இருக்கிறது என்றார். பொலிசுக்குச் சொல்ல வேண்டாமா என்று நான் கேட்டேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இவர் மட்டும், எவ்வளவு மரியாதையாகச் செய்யிறம், வேறை ஆர் செய்வினம் எண்டு பாரும் என்றார்.

மரியாதையாகத்தான் செய்தார்கள், அதை மறைக்கக்கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். ஒவ்வொரு எலும்பாக எடுத்துப் பாலாலும் மஞ்சள் தண்ணியாலும் கழுவினார்கள். ஐயா தேவாரம் படித்தார். வேட்டியில் சுற்றி, நாங்கள் கோடையில் பிக்னிக்குக் கொண்டுபோகிற நீலக் குளிர்பெட்டிக்குள் வைத்தார்கள். நாளைக்கில்லை, அடுத்த ஞாயிறு கடலில் கரைக்கப் போகிறார்களாம். ஐந்நூறு வருடத்துக்கு முந்திச் செத்த ஒரு கிறிஸ்தவ வேதக்காரனுக்குத் தேவாரம் பாடிப் பால் வார்த்த சனம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். எனக்கு நடுவில் சிரிப்பு வந்து, பிறகு அழுகை வந்தது.

அதுவரைக்கும் பெட்டி எங்கள் வீட்டு கராஜில். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில்.

18 பெப்ரவரி, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. கராஜுக்குப் போகவில்லை.

20 பெப்ரவரி, செவ்வாய்

வேலையால் வரும்போது ரோஸ்மேரி பஸ் தரிப்பில் பிடித்துவிட்டாள். சனிக்கிழமை ஐயர் வந்து போனதைக் கண்டிருக்கிறாள். ஏதாவது கிடைத்ததா என்று கேட்டாள். ஒரு கல்கூடக் கிடைக்கவில்லை என்றேன். அவள் விடவில்லை. கல் மட்டும் இல்லை, தேவாலயம் என்றால் சுற்றிவர மனிதரைப் புதைத்திருப்பார்கள், யாராவது ஒருவர் அகப்பட்டால் தேவாலயம் இங்கேதான் நின்றது என்று அடித்துச் சொல்லலாம் என்றாள். அந்தச் சனத்தைத் தேடி வர இப்போது ஒருத்தரும் இல்லை, நான் ஒருத்திதான் என்று சிரித்தாள்.

அப்படி ஒருவரும் எங்களிடம் இல்லை என்று நான் சொன்னேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. வாய் கூசவில்லை, குரல் நடுங்கவில்லை. கண்ணைப் பார்த்தே சொன்னேன். அம்மாவுக்குக் கந்தோரில் இருந்து சொன்னவர்களும் இப்படித்தானே நல்ல மனுசர் மாதிரிச் சொல்லியிருப்பார்கள். அவள் நன்றி சொல்லிவிட்டு, தன் புருஷனின் கோட்டை இழுத்து மூடிக்கொண்டு போனாள். எனக்கு என்னிலேயே அருவருப்பாக இருக்கிறது.

இவரிடம் சொன்னேன். மடியிலை கனமில்லாட்டி வழியிலை ஏன் பயம் என்று பழமொழி பேசுகிறார். கனம் என்னுடைய கராஜில் கிடக்கிறது என்றேன். சாப்பிடாமல் எழும்பிப் போய்விட்டார்.

22 பெப்ரவரி, வியாழன்

அரிசி முடிந்துவிட்டது. கராஜுக்குப் போகத்தான் வேண்டியிருந்தது.

மூடியைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வேட்டியை விலக்கிப் பார்த்தேன். பல்லெல்லாம் ஒழுங்காக இருக்கிறது, தேய்வே இல்லை. கிழவன் இல்லை, பெடியன். ஹோமில் இருக்கிறவர்களின் வாயைத் தினமும் பார்க்கிறவளுக்கு அது தெரியாதா. குளிருக்குள் அப்படியே குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வேட்டியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்துவிட்டு, அரிசி எடுத்துக்கொண்டு வந்தேன்.

சோறு குழைந்துபோய்விட்டது.

23 பெப்ரவரி, வெள்ளி

இன்றைக்குத்தான் முழுதும் விளங்கியது.

இவர் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து என் பக்கத்தில் இருந்தார். அவராகத் தேத்தண்ணி போட்டால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். தயாவின் நட்சத்திரம் பூரட்டாதிதானே என்று மெல்லக் கேட்டார். எதற்கு என்றேன். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் தயாவுக்கும் சேர்த்து, செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியை செய்யப்போகிறாராம். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையால் உருவம் செய்து காரியம் முடிக்கிறதுதான் வழமை. இங்கே அனாதையாக ஒரு எலும்பு இருக்கிறது, அங்கே எலும்பு இல்லாமல் ஒரு பேர் இருக்கிறது, இந்த எலும்புக்கு அந்தப் பேரைச் சொல்லிக் கரைத்தால் இரண்டு ஆத்மாவும் கதியடையும் என்று ஐயாவும் ஒத்துக்கொண்டுவிட்டாராம்.

நான் எழும்பிவிட்டேன். தயா செத்துப்போனான் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவர் கத்தவில்லை.

"மாமியிட்டைக் கேட்டிட்டன், நகுலா," என்றார். "அவ ஓமெண்டிட்டா."

என்னைக் கேட்காமல் என் தாயைக் கேட்டிருக்கிறார். நாலைந்து நாளாக வதனியும் இவரும் போனில் கதைத்து இந்த ஒழுங்கைச் செய்திருக்கிறார்கள். காரியம் முடிந்தால் அம்மா கொட்டிலுக்குப் போகமாட்டா, வீட்டோடு இருப்பா, இன்னும் கொஞ்சக் காலம் உயிரோடு இருப்பா. இவர் கெட்ட மனுசன் இல்லை. கெட்ட மனுசனாக இருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருக்கும்.

24 பெப்ரவரி, சனி

அம்மாவுக்கு எடுத்தேன். உண்மையாகவே ஓமென்று சொன்னீர்களா என்று கேட்டேன். 

"நான் களைச்சுப் போனன் பிள்ளை," என்றா. "படத்தைத் தூக்கிப் பிடிச்சுப் பிடிச்சுக் கை உளையுது. ஒரு சொட்டுத் தண்ணி வார்த்து முடிச்சிட்டுப் படுப்பம் எண்டு கிடக்கு."

  நான் லண்டன் விமானம் ஏறி இங்கே வந்து நல்ல ஹீட்டருக்குள் இருக்கிறவள். வெயிலில் இருந்தவ அவதானே.

வடைக்கு உழுந்து ஊறப்போட்டேன். எள்ளு வறுத்தேன். பிண்டத்துக்கு அரிசிமா இடித்து, வாழைப்பழம் வாங்கி, எல்லாம் ஒரு பையில் வைத்தேன். நாளைக்கு எட்டு மணிக்குப் புறப்படுவதாம். கடற்கரைக்கு ஒரு மணித்தியால ஓட்டம். சங்கதி இவ்வளவுதான்.

பொலிசின் நம்பர் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை எழுதத் தேவையில்லை.

25 பெப்ரவரி, ஞாயிறு

வாசலில் பொலிஸ் வான் நிற்கிறது. 

காலமை இவரும் வரதனும் பெட்டியைக் காருக்குப் பின்னால் ஏற்றினார்கள். ஐயா முன்சீற்றில் இருந்தார். நான் சேலை உடுத்துச் சாமான் பையோடு வந்து, ஏறுகிற நேரம் ஏறாமல் காருக்குப் பின்னால் போய் நின்றேன். போனை எடுத்தேன். முதலில் இவருக்கு விளங்கவில்லை. விளங்கினதும் நிறம் வெளிறிப்போய் இறங்கி வந்தார்.

"எடுக்காதையும் நகுலா. எடுத்தீரெண்டால் கோயில் இல்லை. நான் இல்லை."

"அவன் கிடந்த இடத்திலை இருந்து கிளப்பிப்போட்டு, இல்லையெண்டு பொய்யும் சொல்லிப்போட்டு, இப்ப கடலிலையும் போடப் போறியள்," என்றேன். "இதைத்தானே எங்களுக்கும் செய்தவங்கள்."

"உம்மடை தம்பிக்குத்தானே செய்யிறன்."

"என்ரை தம்பியை வேறை ஆற்றையோ எலும்பிலை முடிக்காதேங்கோ."

அவர் கையை நீட்டினார். போனைப் பறிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பறிக்கவில்லை. கை அந்தரத்தில் நின்று, பிறகு தானாக விழுந்தது. வரதன் தலையைக் குனிந்துகொண்டு றோட்டுக்குப் போய்விட்டான். ஐயா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் நம்பரை அழுத்தி, என் வீட்டில் ஒரு மனிதருடைய எலும்புகள் இருக்கின்றன என்று சொன்னேன். பெயரைக் கேட்டார்கள். என் பெயரைச் சொன்னேன். இல்லை, இறந்தவருடைய பெயர் என்றாள் அந்தப் பிள்ளை. தெரியாது என்றேன்.

வந்த பொலிஸ்காரிக்கு வெளியூரில் இருக்கிற என் மகளின் வயது இருக்கும். இது பழைய எலும்பா புது எலும்பா என்று தெரியும்வரைக்கும் கொலை விசாரணை மாதிரித்தானாம். இவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வடை பொரிக்காமல் மா புளித்துக்கொண்டு கிடக்கிறது.

அம்மாவுக்குப் போன் பண்ணிக் காரியம் நடக்கவில்லை என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. சரி என்றுவிட்டு வைத்துவிட்டா.

28 பெப்ரவரி, புதன்

இவரை அன்றைக்கே விட்டுவிட்டார்கள். திரும்பவும் கூப்பிடுவார்களாம். வெளியூரில் படிக்கிற மகனுடைய அறையில் படுக்கிறார். உப்புக் காணாது என்றுகூட என்னிடம் சொல்வதில்லை, தானே எழும்பி எடுத்துப் போடுகிறார்.

கோயிலைச் சுற்றி நாடா கட்டியாயிற்று. வெள்ளைக் கூடாரம் போட்டுத் தொல்லியல்காரர் வந்திருக்கிறார்கள். உண்மையாகவே பிரஷோடுதான் இருக்கிறார்கள். பிள்ளையார் இன்னும் துறைமுகத்தில். இன்றைக்குத் தமிழ்க் கடையில் மிளகாய்த்தூள் வாங்கப் போனேன். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் கதையை நிறுத்திவிட்டு மரக்கறியைப் பார்த்தார்கள். கோயிலை இடித்தவள் என்று ஒருத்தி சொன்னது எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா. மிளகாய்த்தூளை வாங்கிக்கொண்டே வந்தேன்.

ரோஸ்மேரியாவது சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன். சந்தில் கண்டாள். அழுதிருக்கிறாள். நான் தேடியது கிடைத்துவிட்டது, ஆனால் அவர் படுத்திருந்த நிலத்திலிருந்து உங்கள் ஆட்கள் கிளப்பிவிட்டார்கள், எப்படிக் கிடந்தார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது, நான் உன்னை நேரே கேட்டேன், நீ என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய் என்றாள். மன்னித்துக்கொள் என்றேன். திரும்பி நடந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் படம் கீறினேன். மதில் எங்கே, தலை எங்கே, கால் எந்தப் பக்கம், கை எப்படி இருந்தது, பக்கத்தில் கிடந்த மற்றக் கால் எது என்றெல்லாம். எனக்குக் கீறத் தெரியாது. ஆனால் கண்ணுக்குள் அப்படியே நிற்கிறது. அவளுடைய கதவுக்குள்ளால் தள்ளிவிட்டு வந்தேன்.

9 மார்ச், சனி

ஹோம். துணி தோய்த்தல். இவர் இன்றைக்கு, பால் முடிஞ்சுது என்று ஒரு வசனம் பேசினார்.

28 மார்ச், வியாழன்

ரோஸ்மேரி கதவைத் தட்டினாள். கையில் ஒரு கேக். உள்ளே வரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தேன். இவரும் இருந்தார். எழும்பிப் போகப் பார்த்தவரை, இருங்கள், இது உங்களுக்கும் தெரிய வேண்டியது என்று அவளே மறித்துவிட்டாள்.

பரிசோதனை முடிந்துவிட்டது. எண்ணூறு வருடத்துக்குக் கிட்ட. இருபது இருபத்தைந்து வயதுப் பெடியன். வலது தோளில் பாரம் தூக்கித் தூக்கி எலும்பு தடித்திருக்கிறது. சின்ன வயதில் இடது கால் முறிந்து, யாரோ கட்டுப்போட்டுப் பார்த்துப் பொருந்தியிருக்கிறது. நான் கீறிக் கொடுத்த படத்தைத் தொல்லியல்காரர் தங்கள் படத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார்களாம். அந்த மதில்தான் செயின்ட் பெனட்டின் தெற்குச் சுவர். ஊர்ச் சவக்காலையில் திரும்பவும் அடக்கம் செய்யப் போகிறார்கள், நீங்கள் இருவரும் வர வேண்டும் என்றாள். கோயிலை என்ன செய்வது என்று கவுன்சில் இன்னும் முடிவெடுக்கவில்லை. இவர்மேல் வழக்கு வைக்கப்போவதில்லை என்று மட்டும் பொலிஸ் எழுதியிருக்கிறது.

அவள் போன பிறகு இவர் கேக்கை வெட்டி ஒரு துண்டை என் முன்னால் வைத்தார்.

"கட்டுப்போட்டவை எண்டது நல்லது," என்றார். "ஆரோ பாத்திருக்கினம்."

 பிறகு அந்த மேசையிலேயே இருந்து சாப்பிட்டார்.

30 மார்ச், சனி

அம்மா தானாகவே எடுத்தா. ஒரு மாதமாக வீட்டோடுதான் இருக்கிறா. சாப்பிடுகிறா, நித்திரை கொள்கிறா என்று வதனி சொல்லியிருந்தாள். அன்றைக்குக் காரியம் நடக்காவிட்டாலும், முடித்துவிட வேண்டும் என்று மனம் ஒருக்கால் இறங்கிவிட்டது, அதற்குப் பிறகு கொட்டிலுக்குப் போக எழும்பவில்லை. அந்த எலும்பு ஆருடையது என்று கண்டுபிடித்தார்களா என்று கேட்டா. பழசு என்று சொல்லிவிட்டார்களா, எங்கள் நாட்டில் எந்த இடத்தில் எலும்பு எடுத்தாலும் முதலில் அதைத்தானே சொல்லுவார்கள் என்றும் சேர்த்துச் சொன்னா. உண்மையாகவே பழசுதான் அம்மா, எண்ணூறு வருடம் என்றேன். வாய் சும்மா இருந்திருக்கலாம். தோளைப் பற்றியும் காலைப் பற்றியும் எல்லாம் சொன்னேன்.

அம்மா இடையில் மறித்தா. 

"கால் முறிஞ்சு பொருந்தினதும் தெரிஞ்சதோ?"

"தெரிஞ்சதாம் அம்மா."

"எண்ணூறு வருசம் மண்ணுக்குள்ளை கிடந்த பிறகுமோ?"

"ஓம்."

"தயாவுக்கும் கை முறிஞ்சதெல்லே," என்றா. "ஆறாம் வகுப்பிலை. நான்தான் ஒட்டகப்புலத்து முறிவு வைத்தியரிட்டைக் கொண்டுபோய்க் கட்டுவிச்சனான். இடக்கை. முழங்கைக்குக் கீழை."

 பதினைந்து வருடத்தில் அம்மா அவனை மண்ணுக்குள் வைத்துக் கதைத்தது இதுதான் முதல்தரம். அழுவா என்று பார்த்தேன். அழவில்லை. குரல் முந்தி இருந்த மாதிரித் திடமாக இருந்தது.

"அப்ப எண்ணூறுக்கு முன்னாலை பதினைஞ்சு வருசம் ஒரு பெரிய காலமே, பிள்ளை?" என்றுவிட்டுப் போனை வைத்தா.

2 ஏப்ரல், செவ்வாய்

காலமை எழும்பும்போது வதனியிடமிருந்து படம் ஒன்று வந்திருந்தது. கொட்டிலுக்குள் அம்மா, மடியில் தயாவின் படம். கீழே எழுதியிருந்தாள்: "விடியவே வெளிக்கிட்டுப் போட்டா. வெயில் கொளுத்துது. என்ன சொன்னனீங்கள் அக்கா? நீங்கள் சொன்னால்தான் கேப்பா, வீட்டை வரச் சொல்லுங்கோ."

உடனே எடுத்தேன். வரச் சொல்லத்தான் எடுத்தேன். டொக்டர் சொன்னதை நினைப்பூட்ட வேண்டும், உங்களையும் இழக்க ஏலாது என்று சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அம்மா எடுத்தா. லொறி போகிற இரைச்சலுக்குள் அவவின் குரல் கேட்டது. என்ன பிள்ளை என்றா.

"தண்ணிப் போத்தல் கொண்டு போனனீங்களோ?" என்று கேட்டேன்.

"கொண்டு வந்தனான். வை பிள்ளை, ஆக்கள் வருகினம்."